என் கல்வெட்டுக்கு ஓடர் வந்த சனிக்கிழமை

அண்ணை நோர்வேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். இங்கே நாங்கள் மத்தியானம் சாப்பிட்டு முடித்திருப்போம், அங்கே அவர் காலைத் தேத்தண்ணியோடு இருப்பார். கதை எப்போதும் தேங்காயில்தான் தொடங்கும்.

"தேங்காய் என்ன மாதிரி?"

அரியாலையில் எங்கள் வளவில் நிற்கும் மரங்களை அவர் நேரில் பார்த்துக் கனகாலம். ஆனாலும் கிணற்றடி மரம் குரும்பை கொட்டுகிறதா, மதிலோரத்து மரத்துக்கு வண்டு பிடித்ததா என்று ஒன்றும் விடாமல் விசாரிப்பார். அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர், கூரை ஓடு, என் முழங்கால். இந்த வரிசை மாறாது. முழங்கால் முடிந்ததும் "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று வைத்துவிடுவார். நான் எழுதும் புத்தகங்களைப் பற்றி ஒரு சொல் வராது.

ஒரு சொல்லும் வராது என்றால் அநியாயம். ஒருதடவை வந்தது. என் முதல் நாவலை அண்ணைக்கென்று சமர்ப்பித்து, அச்சானதும் நோர்வேக்குப் பார்சலில் அனுப்பினேன். தபாற் கந்தோரில் கேட்ட காசைப் பார்த்து என் கணவர் சட்டைப்பையை இரண்டு தரம் தடவினார். அந்தப் பார்சல் போய்ச் சேர்ந்த ஞாயிறு அண்ணை சொன்னார்: "புத்தகம் கிடைச்சது."

"கிடைச்சுதோ?" என்றேன். ஃபோனைக் காதோடு அழுத்தினேன்.

"ஓம், கிடைச்சது. தேங்காய் என்ன மாதிரி?"

கோபம் வந்தது. கோபத்தை விடக் கவலைதான் கூட. ஏனென்றால் நான் எழுதியதெல்லாம் இந்த ஒரு மனிதர் வாசிக்க வேண்டும் என்றுதான். எங்களைப் பெற்ற ஐயா வடக்குக் கரையில் கடற்றொழில் செய்தவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் போன அவருடைய வள்ளம் திரும்பி வரவில்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அண்ணையின் கையைப் பிடித்திருந்தது மட்டும் ஞாபகம். அவருக்கே அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அந்தக் கைதான் பிறகு என்னைப் படிப்பித்தது, கல்யாணம் கட்டிக் கொடுத்தது. "வீட்டுக் கணக்குப் பாக்க உதவும்" என்று ஒரு கொம்பியூட்டரும் வாங்கித் தந்தது. நான் அதில் கணக்குப் பார்க்கவில்லை, நாவல் எழுதினேன்.

ஒரு வள்ளத்தையும் அதை நம்பியிருக்கும் குடும்பத்தையும் பற்றிய தொடர்நாவல் ஒன்றும் அதில்தான் எழுதினேன். மூன்று பாகம் வந்துவிட்டது. மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் வள்ளம் கடலில் நிற்கிறது. கரையில் ஒரு பெடியனும் அவன் தங்கையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு என்ன நடந்தது என்று கேட்ட வாசகர்களுக்கெல்லாம் "நாலாம் பாகத்தில் பாருங்கோ" என்று பெரிய வியாபாரிபோலப் பதில் சொன்னேன். உண்மை என்னவென்றால், அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. வள்ளம் வரவில்லை என்று எழுத மனம் வரவில்லை. வந்தது என்று எழுதினால் பொய்.

பார்சல் செலவு கட்டாது என்றுதான் மின்நூலுக்கு மாறினேன். வெளிநாட்டுப் பெரிய கடையொன்றில் என் புத்தகங்களை ஏற்றினேன். அண்ணை வீட்டில் இருந்தபடியே வாங்கலாம், தபால்காரனுக்கு வேலையில்லை என்று ஒரு சந்தோசம். எந்த நாட்டில் எத்தனை விற்றது என்று அந்தக் கடை மாதம் மாதம் காட்டும். நான் முதலில் நோர்வேயைத்தான் பார்ப்பேன். அது எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். கனடா வாங்கியது, இங்கிலாந்து வாங்கியது, எங்கிருக்கிறதென்றே தெரியாத தேசமெல்லாம் வாங்கியது. நோர்வே மட்டும் வாங்கவில்லை. சரி, அண்ணை வாசிக்கிற ஆள் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொண்டேன் என்று சொன்னேனே தவிர, அடுத்த மாதமும் நோர்வேயைத்தான் முதலில் பார்த்தேன்.

அந்தக் கடையோடு எனக்கு வேறு மனத்தாங்கல்களும் இருந்தன. வேறெங்கும் விற்பதில்லை என்று, கட்டாயமில்லாத ஓர் ஒப்பந்தத்துக்கு முதல்நாளே தலையாட்டியிருந்தேன். மூன்று மாதம் முடிய அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வேண்டாமென்றால் முடிவதற்கு முன்பே உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுக்க வேண்டும். நான் இரண்டு தடவை மறந்தேன், இரண்டு தடவையும் மேலும் மூன்று மாதம் மாட்டினேன். அதைவிட வெட்கம், என் சொந்த ஊரில் ஒருவராலும் என் புத்தகத்தை வாங்க முடியவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது, பேருந்தில் இடம் பிடிக்கும்போது என்று காணுகிற இடமெல்லாம் "அக்கா, எங்கை வாங்கிறது?" என்று கேட்டார்கள். வெளிநாட்டுக் கடையில், டொலரில், கடன் அட்டை இருந்தால் வாங்கலாம் என்று சொல்ல எனக்கே வாய் கூசியது.

அதனால் எல்லாவற்றையும் மாற்றி ஒழுங்குபடுத்த முடிவெடுத்தேன். எனக்கென்று ஒரு பக்கம். அதில் இங்குள்ளவர்கள் வங்கியில் காசு போட்டு, அந்தத் துண்டுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினால் புத்தகம் மின்னஞ்சலில் போகும். வெளிநாட்டு வாசகர்களுக்கு, ஒரே தடவையில் பல கடைகளுக்குப் புத்தகத்தை அனுப்பிவைக்கும் விநியோகத்தர் ஒருவர். சொல்லும்போது சுகம். செய்யும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, எழுத்தை விட்டுத் தனியே போய் நின்ற கொம்புகளையும் கால்களையும் பிடித்துவந்து சேர்த்து, அட்டை மாற்றி, விலை மாற்றி, கண் பூத்துப்போனது. இந்தமுறை பெட்டியில் சரி அடையாளத்தை எடுக்கவும் மறக்கவில்லை. ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அன்றைக்கே பழைய கடையிலிருந்து என் புத்தகங்களையெல்லாம் நீக்கினேன். புதிய பக்கம் திங்கட்கிழமை திறப்பதாக ஏற்பாடு. இடையில் இரண்டு நாள் என் புத்தகங்கள் உலகத்தில் எங்கும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றும்போது விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு றோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

இதை வாசகர்களுக்குச் சொல்ல ஓர் அறிவித்தல் வேண்டுமல்லவா? யாழ்ப்பாண நகரத்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பிதான் என் அட்டைகளைச் செய்பவர். அவருக்கு என் அட்டைகளால் அடுப்பு எரிவதில்லை. அவருடைய தொழில் கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுமலர். இறந்தவரின் படம், வம்சாவளி, தேவாரம், ஒவ்வொரு உறவும் எழுதிய அழுகை எல்லாம் அதில் இருக்கும். நகரத்தில் அந்தத் தம்பியைப்போல வடிவாகக் கல்வெட்டு அடிக்க ஆளில்லை என்பார்கள்.

நான் என் அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படம். சனிக்கிழமை காலை அவர் அறிவித்தலை அனுப்பினார். பின்னால் நீல வானம், வெள்ளை முகில். நடுவில் தங்கக் கரையிட்ட முட்டை வடிவத்துக்குள் நான். கீழே தாமரை. இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் என் பெயர். அடியில், நுணுக்கமான எழுத்தில், புத்தகங்கள் பழைய கடையில் இனிக் கிடைக்காது, திங்கட்கிழமை புதிய பக்கம் திறக்கும் என்ற செய்தி.

"விளக்கு எதுக்குத் தம்பி?" என்று ஃபோனில் கேட்டேன்.

"திறப்புவிழா எல்லே அக்கா" என்றார்.

அதுவும் சரிதான் என்றேன். என் கணவரிடம் காட்டினேன். அவர் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். முற்றத்தில் ஒரு மோட்டரைக் குடல் குடலாகக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். எட்டிப் பார்த்து "வடிவாத்தான் இருக்கு" என்றார். மதிலிலும் மின்கம்பத்திலும் நாளாந்தம் அப்படியான படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் எங்கள் மூன்று பேருடையவும். ஒருவருக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. வாசகர் குழுவுக்கும் சொந்தக்காரர் குழுவுக்கும் அதை அனுப்பிவிட்டு, ஃபோனைச் சத்தமில்லாமல் சார்ச்சில் போட்டுவிட்டு மீன் வெட்டப் போனேன்.

குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தால் ஃபோன் திரை நிறையத் தவறிய அழைப்புகள். இதென்ன, புத்தகத்துக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அப்போது அச்சகத் தம்பி எடுத்தார்.

"அக்கா… நீங்கள்தானோ கதைக்கிறது?"

"நான்தான். வேறை ஆர்?"

"இல்லை, ஒண்டுமில்லை. கனடாவிலை இருந்து ஒருத்தர் எடுத்தவர். உங்கடை ஒண்டுவிட்ட தம்பியாம். இரவு வேலையிலை நிண்டு கதைக்கிறாராம்." குரலைத் தாழ்த்தினார். "உங்கடை கல்வெட்டுக்கு ஓடர் தந்திருக்கிறார்."

"என்னது?"

"நல்ல மினுங்கல் தாளிலை வேணுமாம். முழுக்கக் கலராம்."

"எத்தினை பக்கம்?" என்று என் வாய் என்னைக் கேளாமலே கேட்டுவிட்டது.

"அதுதான் அக்கா, உங்களிட்டையே ஒருக்காக் கேப்பம் எண்டு…"

அறிவித்தலைத் திறந்து மறுபடி பார்த்தேன். நீல வானம், தாமரை, விளக்கு, சிரிக்காத நான். கைபேசியின் சின்னத் திரையில் அடியிலுள்ள எழுத்து எறும்பு ஊர்ந்தமாதிரி இருந்தது. அதை யார் வாசிப்பார்கள்? சிரிப்பு வந்து, குசினிப் படியிலேயே இருந்துவிட்டேன். என் கணவர் கை முழுக்கக் கிறீஸோடு ஓடிவந்து பார்த்தார். "உம்மடை முகத்திலை கொஞ்சம் சிரிப்பு இருந்திருந்தா இது நடந்திராது" என்றார்.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. நோர்வே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவருடைய ஃபோன் ஒருமுறை கிணற்றடியில் விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது, உரத்த சத்தத்தில் மட்டும்தான் கேட்கும். அவர் கையில் கிறீஸ் என்பதால் நானே பச்சையை அழுத்தி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"மச்சான்" என்றார் அண்ணை. அந்தக் குரலை நான் முன்பு கேட்டதே இல்லை. "மச்சான், நான் பிளேன் ரிக்கெற் பாக்கிறன். நான் வந்து முகம் பாக்கும்வரைக்கும் எடுத்துப் போடாதேங்கோ."

"மச்சான், இஞ்சை ஒருக்கா…"

"பொறுங்கோ. நான் சொல்லி முடிக்கிறன். விட்டா என்னாலை கதைக்கேலாது." மூச்சு வாங்கினார். "கல்வெட்டிலை அவளின்ரை புத்தகங்களின்ரை பேர் எல்லாம் ஒழுங்கா வரவேணும். எழுத்துப் பிழைக்கக் கூடாது எண்டு கடைக்குள்ளை போய்ப் பாத்தன். ஒண்டையும் காணேல்லை மச்சான். ஒரு புத்தகமும் இல்லை. ஆள் போன உடனை புத்தகத்தையும் எடுத்துப் போடுவாங்களோ? உது என்ன நியாயம்? பரவாயில்லை, எனக்குப் பாடம். எழுதுங்கோ."

சொல்லத் தொடங்கினார். முதல் நாவல். சிறுகதைத் தொகுப்பு. தொடர்நாவலின் மூன்று பாகங்கள். ஒருவரும் வாங்காமல் நானே மறந்துபோன ஒரு குட்டிப் புத்தகம்கூட அதன் இடத்தில் வந்தது. ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். சொல்லும் என்று கண்ணால் காட்டினார். நான் அந்தக் கணமே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்த சொல் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் கேட்க எனக்குப் பேராசை.

"மூண்டாம் பாகத்திலை வள்ளத்தைக் கடல்லை விட்டிட்டுப் போட்டாள் மச்சான். மிச்சம் எழுதினவளோ? உங்களுக்கு ஏதும் சொன்னவளோ? அந்தக் கொம்பியூட்டரை ஒருத்தரையும் தொட விடாதேங்கோ. அதுக்குள்ளை இருக்கும்." குரல் உடைந்துபோனது. "வள்ளம் கரைக்கு வந்ததோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணை, நான்தான்" என்றேன்.

"ஆர்?"

"நான்தான் அண்ணை. எனக்கு ஒண்டுமில்லை. நான் புத்தகக் கடை மாத்தினனான். அது அதின்ரை அறிவித்தல்."

அந்தப் பக்கம் கதிரையொன்று இழுபட்டது. மூக்குச் சிந்துவது கேட்டது. பிறகு இடி விழுந்தது.

"விசரி! கடை மாத்திறதுக்கு ஆரும் விளக்குக் கொளுத்துவினமோ? மூளை இருக்கே உனக்கு? வயசு போயும் அறிவில்லை!" இன்னும் திட்டினார். சின்னவயதில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றதற்குத் திட்டியதுபோல, அதே சொற்கள். நான் அழுதுகொண்டு கேட்டேன். என் வாழ்க்கையில் ஏச்சு வாங்கி இவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.

ஏச்சு அடங்கியதும் கேட்டேன். "எல்லாத்தையும் வாசிச்சனீங்களோ அண்ணை?"

"வாசியாமல்?"

"நோர்வேயிலை ஒண்டும் விக்கேல்லையே. நான் ஒவ்வொரு மாதமும் பாக்கிறனான்."

"எனக்கெங்கை உதுகள் தெரியும்? லண்டனிலை இருக்கிற மகளின்ரை கணக்கிலைதான் எங்கடை வீட்டிலை எல்லாரும் வாசிக்கிறது. அவள் வாங்குவாள், எனக்கு இஞ்சை வந்து நிக்கும்."

இங்கிலாந்து வாங்கியது, நோர்வே வாங்கவில்லை. ஒரு வீட்டில் பேப்பர் வாங்கினால் அந்த ஒழுங்கையிலுள்ள வீடெல்லாம் வாசிக்கிற ஊரில் பிறந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் ஒரு நாளும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? நீ எழுதுறாய், நான் வாசிக்கிறன். அதுக்குள்ளை கதைக்க என்ன கிடக்கு?" என்றார். பிறகு, "உன்ரை முழங்கால் என்ன மாதிரி?"

நான் உயிரோடு இருப்பதாகக் குழுக்களுக்கு எழுதி அனுப்பினேன். ஒருவரும் நம்பவில்லை, குரலில் பேசி அனுப்பவேண்டி வந்தது. கனடாத் தம்பி ஓடரைத் திருப்பி எடுத்தான். அச்சகத் தம்பி நேரே வீட்டுக்கே வந்து, விளக்கும் தாமரையும் இல்லாமல், நான் பல்லுத் தெரியச் சிரிக்கும் படத்தோடு புதிய அறிவித்தல் செய்து தந்தார். திங்கட்கிழமை பக்கம் திறந்தது. அரியாலையிலும் பண்டத்தரிப்பிலும் இருக்கிறவர்கள் முதன்முறையாக என் மின்நூல்களை வாங்கினார்கள். விநியோகத்தர் பல கடைகளுக்கு அனுப்பினார். என் திட்டத்தில் இல்லாத ஒன்றையும் செய்தேன். கோபித்துக்கொண்டு வெளியேறிய அந்தப் பெரிய கடைக்கே திரும்பிப் போய், ஒப்பந்தப் பெட்டியில் சரி போடாமல், எல்லாப் புத்தகங்களையும் மறுபடி ஏற்றினேன். அண்ணைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அந்த வழியை நான் மூடக் கூடாது.

பிறகு நாலாம் பாகம் எழுதக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தேன். வள்ளம் வந்ததா இல்லையா என்று அண்ணைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கரையில் நின்றவர் அவர்தான், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை. தெரிந்தும் அவர் அப்படிக் கேட்டார் என்றால், அவருக்கு என்ன வேண்டும் என்று விளங்கிக்கொள்ள நான் பெரிய எழுத்தாளராக இருக்கத் தேவையில்லை. உண்மை, பொய் என்று இவ்வளவு காலம் நான் பிடித்த பிடிவாதம் எனக்கே சின்னத்தனமாகப் பட்டது.

வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தேன். இயந்திரம் பழுதாகி, இரவு முழுக்கத் துடுப்பு வலித்து, விடிந்த பிறகு வருகிறது. கரையில் நின்ற பெடியன் முதன்முறையாகத் தங்கையின் கையை விடுகிறான். விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடுகிறான். எழுதி முடித்து, வாசித்துப் பார்த்து, எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் அனுப்பினேன்.

அதற்கடுத்த ஞாயிறு அண்ணை எடுத்தார். தேங்காய் என்ன மாதிரி என்றார். கிணற்றடி மரத்தில் இரண்டு குலை முற்றியிருக்கிறது என்றேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேனா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இனி "சரி பிள்ளை, வைக்கிறன்" என்பார் என்று நினைத்தேன்.

"வள்ளம் வந்திட்டுது" என்றார். "பாத்தன்."

"ஓம் அண்ணை. வந்திட்டுது."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. வைக்கவும் இல்லை.